ஆயாவின் வலது கை

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் ஒரு கை என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஏ2 தாளில் கரியால் வரைந்த கை. சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு ஆயா, அதாவது பாட்டி, கீரை ஆய்கிறார். கவுனின் மடிப்புகள் நன்றாக வந்திருக்கின்றன. முகம் சுமார்தான், ஆனால் கழுத்து குனிந்திருக்கும் விதத்தில், இவரை நிஜமாகவே யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது தெரியும். கீரைக்கட்டைப் பிடித்திருக்கும் இடது கை பஞ்சு அடைத்த கையுறை மாதிரி உப்பிக் கிடக்கிறது. இலையைக் கிள்ளும் வலது கை மட்டும் அசல் கை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின்மேல் சந்திக்கும் இடத்தில் அழுத்தம் தெரிகிறது, புறங்கையில் நரம்பு ஓடுகிறது. படத்தைப் பார்க்கிற எல்லோர் கண்ணும் நேராக அங்கேதான் போகும். அந்தக் கையை வரைந்தது என் மாணவன் அல்ல. நான்.

கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். சான்றிதழ்களை இந்த நாட்டு முறைப்படி மதிப்பிட வைத்து, ஆசிரியர் கவுன்சிலில் பதிவு வாங்கி, சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஓவிய வகுப்புக்குள் நுழைவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் வகுப்பில் தமிழ்ப் பெயர்கள் நிறைய. தமிழ் பேசுகிறவர்கள் அநேகமாக இல்லை. நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள். வீட்டில் மிஞ்சியிருப்பது ஆயா, தாத்தா, காவடி, கூழ், புரட்டாசி விரதம். கீழே வருகிற பேச்சையெல்லாம் அவர்கள் ஆங்கிலத்தில் பேசி நான் தமிழில் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 மார்ச். மின்வெட்டு மும்முரமாக இருந்த வருஷம். எந்த நேரத்தில் கரண்ட் போகும் என்று போனில் அட்டவணை பார்த்துப் பாடம் திட்டமிட்ட காலம் அது. அன்றைக்கும் போய்விட்டது. மேசைகளையெல்லாம் ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டு வரைந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பையன் தன் ஆயாவைப் போனில் எடுத்த படத்தையும், வீட்டில் அவர் எதிரே உட்கார்ந்து போட்ட சின்னச் சின்னக் கிறுக்கல்களையும் வைத்துக்கொண்டு வலது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போடுவான், துடைப்பான், போடுவான். அந்த இடத்தில் தாளே நைந்து மயிர் எழும்பத் தொடங்கிவிட்டது. நான் நாலு முறை வார்த்தையில் சொன்னேன். ஐந்தாம் முறை, "இங்க குடுப்பா" என்று கரியை அவன் விரலிலிருந்து உருவிக்கொண்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். "வாவ், மேம்!" பையனும் சிரித்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பானேன்? மாதக்கணக்கில் மார்க் ஷீட்டும் மீட்டிங்குமாகக் கிடந்தவளுக்கு, கை இன்னும் பேசுகிறதே என்று ஒரு குஷி.

கைபிடித்துக் கற்றவர்கள்

அதைத் தப்பு என்று நான் நினைக்கக் காரணமே இல்லை. தமிழ்நாட்டில் ஓவியக் கல்லூரியில் நான் படித்தது அப்படித்தான். மாஸ்டர் பின்னால் வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நாம் எழுந்து இடம் விட வேண்டும். உட்கார்ந்து, நம் கோட்டின் மேலேயே ஒரு கோடு. தோள்பட்டை சரியாகிவிடும். எழுந்து போய்விடுவார். எங்களுக்கு அது ஆசீர்வாதம். மாஸ்டர் கை பட்ட தாள் என்று தனியாக எடுத்து வைப்போம். அதற்கும் முன்னால், விஜயதசமி அன்று தாத்தா மடியில் உட்கார்த்தி, என் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் 'அ' எழுத வைத்தார். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் நம் பேச்சிலேயே கற்பித்தலுக்கு இருக்கிற அன்பான வார்த்தை. அந்தப் பையனின் தாளில் நான் கை வைத்தபோது என் மனசில் இருந்தது அந்த அன்புதான், அதிகாரம் அல்ல என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நம்புகிறேனே தவிர, ஒன்று இடிக்கிறது. போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அந்தக் கல்லூரித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். எது மாஸ்டர் கோடு, எது என் கோடு என்று பல தாள்களில் எனக்கே சொல்ல முடியவில்லை. ஒரு காலத்தில் அதைப் பெருமையாக நினைத்திருப்பேன்.

அக்டோபர் மாதத்து ஹால்

இங்கே மெட்ரிக் என்கிற பன்னிரண்டாம் வகுப்பு ஓவியத்துக்கு எழுத்துத் தேர்வு 3 மணி நேரம், 100 மார்க். அது போக செய்முறை. பள்ளியிலேயே கண்காணிப்பில் செய்யும் கடைசிப் படைப்பு ஒன்று, அதற்குப் பின்னால் யோசனை எப்படி வளர்ந்தது என்று காட்டும் சோர்ஸ்புக் ஒன்று, இரண்டுக்கும் தலா 50. வருஷம் முழுக்கச் செய்தவற்றைக் கண்காட்சி மாதிரி பரப்பி வைப்பது இன்னொரு 100. நான் போட்ட மார்க் சரியா என்று பார்க்க வெளியிலிருந்து மாடரேட்டர் வருவார். ஏழு படிநிலைகள் உண்டு: 80ஐத் தொட்டால் அவுட்ஸ்டாண்டிங், 70 முதல் 79 வரை மெரிட்டோரியஸ், இப்படியே இறங்கி 30க்குக் கீழே நாட் அச்சீவ்ட். ஒவ்வொரு படிநிலைக்கும் ரூப்ரிக்கில், அதாவது மார்க் போடுவதற்கான அளவுகோலில், ஒரு பத்தி வர்ணனை. வர்ணனைகளைப் படித்தால் மேல் படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் ஏதோ இரண்டு உரிச்சொற்களில் இருப்பதாகத் தோன்றும். அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை இல்லை. ரூப்ரிக் இல்லாத காலத்தில் நாங்கள் வாத்தியார் முகத்தைப் பார்த்து மார்க்கை ஊகித்தவர்கள்.

மாடரேட்டர் வருவதற்கு முந்தின மாலை, ஹாலில் நான் தனியாகப் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். டர்பன் ஈரக்காற்றில் தாள்கள் ஓரம் சுருண்டுகொள்ளும். மூலைக்கு மூலை கனமாக எதையாவது வைக்க வேண்டும். பிள்ளைகளின் பழைய சோர்ஸ்புக்குகளைத்தான் அதற்கு எடுத்தேன். இந்தப் பையனின் வரிசைக்கு வந்தேன். ஆயா முதலில். பிறகு பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன், இரண்டு கையும் பாக்கெட்டில். பிறகு கழுத்துவரை போர்வை இழுத்துக்கொண்டு தூங்கும் தாத்தா. பிறகு டாக்ஸி ரேங்க்கில் ஒரு பெண், முன்னால் பெரிய பிளாஸ்டிக் பை. பிறகு தோளோடு வெட்டிய சுயஉருவம். தேர்வுக்குச் செய்த கடைசிப் படம், பாத்திரம் கழுவும் அம்மா, முதுகுப் பக்கமாக.

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தாத்தாவின் போர்வை நன்றாக வந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன். கனத்துக்கு வைத்த அவனுடைய கிரேடு 11 சோர்ஸ்புக் நழுவி விழுந்து ஒரு பக்கம் திறந்துகொண்டது. பக்கம் முழுக்கக் கைகள். பால்பாயிண்ட் பேனாவில், காப்பிக் கறையோடு, பந்து பிடிக்கும் கை, ரொட்டி உருட்டும் கை, மூக்கு நோண்டும் கை. எல்லாம் தப்புத்தப்பாக. நாற்பது கைக்குக் குறையாது. நான் நிமிர்ந்து மறுபடி வரிசையைப் பார்த்தேன். மார்ச்சுக்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு விரல்கூட இல்லை.

அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அதைவிட மோசமானது ஒன்று பாக்கி இருந்தது. சுயஉருவத்தின் பின்னால் நான் ஒட்டியிருந்த குறிப்புச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்: "தோளோடு வெட்டியது துணிச்சலான காம்போசிஷன். தொடர்க." பயந்து ஒளித்ததைத் துணிச்சல் என்று எழுதி, தொடரச் சொல்லியிருக்கிறேன். அவனும் சொன்னபடி தொடர்ந்திருக்கிறான்.

மறுநாள் மாடரேட்டர் வந்தார். நல்ல கண் உள்ளவர், நியாயமானவர். பையனின் வரிசையில் ஆயா முன்னால் நின்றார். விரலை நீட்டி அந்த வலது கையின் மேல், தாளைத் தொடாமல், ஒரு வட்டம் போட்டார். "இங்கே பாருங்கள். இங்கேதான் இந்தப் பையன் உண்மையாகப் பார்த்திருக்கிறான்." நான் தலையாட்டினேன். 74 போட்டிருந்தேன், 74 நின்றது. ஒரு கையால் ஒரு மார்க் ஏறாது, இறங்காது, முழு வருஷ வேலையில் அது எம்மாத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்குப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் 'இவை மாணவரின் சொந்தப் படைப்புகள்' என்ற உறுதிமொழித் தாளில் அவன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. இன்றைக்கு நினைத்தால், அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

சாக்பீஸ்

இதை நான் முதலில் சொன்னது என் மாமியாரிடம். ஓவியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. டர்பனில் ஆயத்த ஆடை ஆலைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், அந்தத் தலைமுறை இந்தியப் பெண்கள் பலரைப் போல அவரும் ஆலைக்குப் போனவர். 1990களில் இறக்குமதித் துணி வந்து குவிந்து ஆலைகள் மூடத் தொடங்கும்வரை வேலை. கடைசி ஆறேழு வருஷம் செக்கர். தைத்து வரும் சட்டைகளை மேசையில் விரித்துப் பார்த்துத் தேற்றுவதும் திருப்புவதும் அவர் வேலை. பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், "உன் கையில ஏன் கரி இருந்துச்சு?" என்றார்.

புரியவில்லை. "செக்கர் கையில ஊசி இருக்கக் கூடாது கண்ணு," என்றார். "தையல் கோணலா இருந்தா அங்க சாக்பீஸால ஒரு கோடு. இல்ல, ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான். சட்டை திரும்பி அதே பொண்ணுகிட்டதான் போகும். அவளே பிரிச்சு அவளே தைக்கணும். எனக்கு அவளவிட நல்லாத் தைக்கத் தெரியும். தெரிஞ்சு என்ன? நான் தச்சுக் குடுத்தா அன்னைக்கு அந்தச் சட்டை சரியாப் போயிரும். அந்தப் பொண்ணு?"

ஆலைக்காரர்கள் இதை அந்தப் பெண்ணின் நன்மைக்காகச் செய்திருக்க மாட்டார்கள், துண்டுக் கணக்குக்காகச் செய்திருப்பார்கள் என்று அவரிடமே சொன்னேன். சிரித்தார். தவிர, சட்டைக்கு பேட்டர்ன் இருக்கிறது, கோணலா நேரா என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து வராது. கைக்கு எங்கே பேட்டர்ன்? தாத்தா அரிசியில் என் விரலைப் பிடித்து எழுதியது ஏன் கெடுதல் செய்யவில்லை என்பதும் இதை யோசிக்கையில்தான் பிடிபட்டது. 'அ' என்கிற எழுத்து தாத்தாவுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. ஊருக்கெல்லாம் ஒரே 'அ'. அவர் கை வழியாக அது என்னிடம் வந்ததில் என் பொருள் எதுவும் பறிபோகவில்லை. அந்த ஆயாவின் கையோ, தினமும் எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிற அந்தப் பையன் ஒருவனால் மட்டுமே பார்த்து எடுக்கக்கூடியது. நான் அந்த ஆயாவைப் பார்த்ததே கிடையாது. நான் போட்டது பொதுவாக ஒரு கிழவியின் கை. பல வருஷம் மாடல் வகுப்பில் உட்கார்ந்ததில் மனப்பாடமாகிவிட்ட கை. உடற்கூறு சரி, அழுத்தம் சரி, ஆள்தான் வேறு.

சோர்ஸ்புக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள டிசம்பரில் அவன் வந்தபோது கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. ஏன் அதற்கப்புறம் கையே போடவில்லை?

தோளைக் குலுக்கினான். "உங்க கைக்குப் பக்கத்துல என் கை நல்லா இல்ல மேம்."

கொஞ்சம் கழித்து, "வீட்டுல ஆயா பார்த்துட்டு, இது யார் கைன்னு கேட்டாங்க," என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. பரவாயில்லை மேம், நல்ல மார்க்தானே என்றான். அவன் இப்போது கம்ப்யூட்டர் படிக்கிறான். ஓவியத்தை விட்டதற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒரு வகைத் தற்பெருமை. அவன் முதலிலிருந்தே கம்ப்யூட்டர்தான் என்றவன்.

என்னதான் செய்வது

லினோ வகுப்பில், அதாவது லினோலியத் துண்டில் செதுக்கி மை தடவி அச்செடுக்கும் வகுப்பில், இந்தத் தொல்லை எனக்கு வந்ததே இல்லை என்பது பிறகு தோன்றிய விஷயம். எங்கள் மாகாணத்தில் லினோகட்டுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் உருவாகி ரோர்க்ஸ் டிரிஃப்டில் இயங்கிய கலை மையத்திலிருந்து அசரியா ம்பாதா, ஜான் முவாஃபாங்கேஜோ போன்ற கலைஞர்கள் வந்தார்கள். பாடத்தில் அவர்களைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு லினோத் துண்டு வெட்டுவார்கள். வெட்டினது வெட்டினதுதான், அழிக்க முடியாது. அதனால் அங்கே என் கை தானாகவே ஒதுங்கி நிற்கும். இன்னொருத்தர் பலகையில் உளி வைக்க எனக்கு தைரியம் கிடையாது. வாயால் மட்டும் பேசுவேன். அவர்களும் வெட்டுவதற்கு முன்னால் நிறைய யோசிப்பார்கள், என்னிடம் நிறைய கேட்பார்கள். கரி வகுப்பில் எல்லாம் அழியும் என்பதால்தான் எனக்கு அவ்வளவு உரிமை வந்துவிட்டது போலிருக்கிறது. ஆனால் கரி அப்படியொன்றும் அழிவதில்லை. எங்கள் பாடத்திலேயே இருக்கிற வில்லியம் கென்ட்ரிட்ஜ் ஒரே தாளில் கரியால் வரைந்து, துடைத்து, மேலே வரைந்து படம்பிடித்து அசைபடம் செய்கிறவர். துடைத்த இடத்துச் சாம்பல் நிறம் தாளிலேயே நிற்கும். அவர் படங்களின் பாதி அழகு அதுதான். அதை வகுப்பில் போட்டுக் காட்டி "பாருங்கள், தடுமாற்றமும் படத்தில் இருக்கலாம்" என்று பிரசங்கம் செய்தவளும் நான்தான், நைந்த தாளைப் பார்த்துப் பொறுமை இழந்தவளும் நான்தான்.

இப்போது பிள்ளைகள் தாளில் நான் வரைவதில்லை. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பக்கத்தில் பழைய நியூஸ்பேப்பரை வைத்து அதில் வரைவேன். அதுவும் அவர்கள் படத்தில் இருக்கிற கையை அல்ல, என்னுடைய இடது கையை. பிறகு அந்த நியூஸ்பேப்பரைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன். முதலில் ஒருத்தி அதைக் குப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் நோட்டில் ஒட்டிவிட்டாள். இப்போது கிழித்துப் போடுகிறேன்.

குறிப்பு எழுதுவதிலும் கொஞ்சம் மாறினேன். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேல் பள்ளிகளில் செய்து 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஆசிரியப் பயிற்சிகளில் அடிக்கடி அடிபடும். கருத்து மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் அடுத்த முறை முன்னேறினார்கள். மார்க் மட்டும் வாங்கினவர்கள் முன்னேறவில்லை. வேடிக்கை என்னவென்றால், மார்க்கும் கருத்தும் சேர்த்து வாங்கினவர்களும் முன்னேறவில்லை. படித்தபோது நம்பவில்லை. என் வகுப்பில் சோர்ஸ்புக்கைத் திருப்பிக் கொடுக்கிற அந்த முப்பது விநாடியைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும். கடைசிப் பக்கத்தைத் திருப்புவார்கள், எண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் "நீ எவ்வளவு?" அவ்வளவுதான். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிய அரைப்பக்கம் மூடியது மூடியபடி பைக்குள் போகும். இப்போது முதலில் குறிப்பு மட்டும் கொடுக்கிறேன். பத்து நாள் கழித்து, அதை வைத்து என்ன செய்தார்கள் என்று காட்டிய பிறகு எண். பள்ளிக் கணினியின் சா-சாம்ஸ் நிரலில் ஒவ்வொரு பருவமும் எண்ணைத்தான் ஏற்ற வேண்டும், அதில் சாக்பீஸ் கோடு போட இடமில்லை. கடைசி நாள்வரை இழுத்தடித்து ஏற்றி அலுவலகத்தில் திட்டும் வாங்கியாயிற்று. ஒரு அப்பா போன் போட்டு, "குறை மட்டும் சொல்லி மார்க் சொல்லாவிட்டால் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

குறிப்பில் என்ன எழுதுவது என்பதுதான் இன்னமும் திண்டாட்டம். 'துணிச்சல்', 'அருமை', 'உணர்வு பூர்வம்' எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஆலையின் சாக்பீஸ் எங்கே என்று சொல்லும். எப்படி என்று சொல்லாது. அதைத்தான் எழுத முயற்சி செய்கிறேன். "இடது கையின் மணிக்கட்டைப் பார்." "நிழல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" சில பிள்ளைகளுக்கு இது எரிச்சல். சிலருக்கு நிஜமாகவே எப்படி என்றுதான் தெரியாமல் இருக்கும். அவர்களைப் பார் பார் என்று விரட்டுவதும் கொடுமை. யாருக்கு எது என்று கண்டுபிடிப்பதில் இன்றும் பாதி நாள் தப்பு பண்ணுகிறேன்.

கை சும்மா இருக்காது என்பதால், வகுப்பில் நடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. போன வாரம் கிரேடு 10 பெண் ஒருத்தி, "என்ன மேம், பிரின்ஸிபால் மாதிரியே நடக்கிறீங்க," என்றாள். வகுப்பு சிரித்தது. "அப்படியே நில்லுங்க மேம், திரும்பாதீங்க." ஜன்னலைப் பார்த்து நின்றேன். பின்னால் கரி உரசும் சத்தம். வெகுநேரம். கழுத்து வலிக்க ஆரம்பித்தபோது, "முடிச்சிட்டேன்" என்று தாளை முன்னால் கொண்டுவந்து நீட்டினாள். புடவை நன்றாக இருந்தது. கோத்த விரல்கள் ஒரு கொத்து முருங்கைக்காய் மாதிரி இருந்தன. கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் இருந்தது.

"எந்தக் கை மேல இருக்கு?" என்று கேட்டேன்.

தாளைப் பார்த்தாள். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.